பின்பக்கம் தெளிவா வேணாம்

கட்டடங்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். கலியாண வீடுகளுக்குப் போவதில்லை. மனிதர்கள் சிரிக்கச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு ஏன் இப்படிப் பல் தெரிகிறது என்று சண்டைக்கு வருவார்கள். ஹோட்டல், கோயில், பள்ளிக்கூட மண்டபம், விற்க வைத்திருக்கும் வீடு, இவைதான் என் ஆட்கள். வாய் திறக்காத ஆட்கள். ஆனால் பொய் சொல்லாத ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரைக் கண்டாலே உள்ளே ஈரம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். "உனக்குச் சுவரும் கள்ளன்தான்" என்பார் என் மனிசன். அவர் பேச்சை யார் கேட்டார்.

இந்தச் சந்தேகப் புத்தி பாதி பிறவியில் வந்தது, மீதி அந்த லென்ஸ் கொடுத்தது. அகலக்கோண லென்ஸ், அதிலும் ஷிப்ட் லென்ஸ். சாதாரண லென்ஸில் கூரை வரை பிடிக்கக் கமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்களெல்லாம் பின்னால் சாயும். இதில் கமராவை நேராகவே நிறுத்திவிட்டு, ஒரு திருகைச் சுற்றி லென்ஸை மட்டும் மேலே தள்ளலாம். சுவர் நிமிர்ந்து நிற்கும், கூரையும் வந்துவிடும். கொழும்பில் ஒருவர் பாவித்ததை வாங்கினேன். வாங்கும்போது அவர் முகத்தைவிட லென்ஸின் ஆணிகளைத்தான் அதிகம் பார்த்தேன், யாராவது கழற்றிப் பூட்டியிருக்கிறார்களா என்று. அவருக்குக் கோபம் வந்தது. வரட்டுமே.

அந்த லென்ஸ் தானாக ஃபோகஸ் பண்ணாது. கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். அகலக்கோணத்தில் அதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. கமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் காலடியிலிருந்து கடல் வரை எல்லாம் பளிச்சென்று தெரியும். நம்பி அழுத்திவிட்டு வந்தால், வீட்டில் பெரிதாக்கும்போது முன்படி மங்கிக் கிடக்கும். அதனால் நான் கண்ணை நம்புவதில்லை. பின்திரையில் பத்து மடங்கு பெருப்பித்து, கிட்டவும் தூரவும் நான்கு மூலைகளும் தனித்தனியாகப் பார்ப்பேன். லென்ஸின் மேலே கோடுகள் பொறித்திருப்பார்கள்: வெளிச்சம் புகும் துவாரத்தை இவ்வளவுக்குச் சுருக்கினால் இந்தத் தூரத்திலிருந்து அந்தத் தூரம் வரை தெளிவு என்று. அதையும் முழுதாக நம்ப மாட்டேன். துவாரத்தைப் பதினொன்றில் வைத்தால், எட்டுக்கு உரிய, இன்னும் ஒடுங்கிய கோடுகளுக்குள்தான் தூரத்தை அடக்குவேன். லென்ஸ் செய்தவனும் விற்கத்தானே செய்தான்.

தம்பிக்கு வவுணதீவில் ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது, நான் இந்தக் கமராவோடுதான் போனேன்.

தம்பி கட்டாரில் வேலை. தாய் தகப்பன் இல்லை, அவனுக்கு நான்தான் எல்லாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே தகப்பன் வீட்டுக்குக் கல் எண்ணத் தொடங்கிவிடுவான். ஆண்பிள்ளை கட்டின இடத்துக்குப் போய்விடுவான், அதுதான் முறை. என் மனிசனும் அப்படிக் கல்லடியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான், இன்னும் போகவில்லை. ஆகவே தம்பி சாகும் வரை இருக்கப் போகிற வீடு அது. சாதகத்தை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். வீட்டை நான் பார்க்க வேண்டும். "அக்கா, வடிவா ஒரு படம் எடுத்து அனுப்பு" என்று அவனும் கேட்டிருந்தான்.

வலையிறவுப் பாலம் தாண்டி, வயல்களை விலத்திப் போனால், வாவிக் கரையில் வீடு. பெண்ணின் தகப்பன் படலையிலேயே நின்றார். மெலிந்த மனிதர், வயல் வேலை செய்து கறுத்த கால்கள். மடியிலிருந்து திறப்பை எடுத்து முன்கதவைத் திறந்தார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. நான் வருவது தெரியும், பகல் நேரம், வீட்டுக்காரர் வீட்டிலேயே இருக்கிறார். பிறகு ஏன் கதவு பூட்டியிருக்கிறது?

"காலைக் கழுவிட்டு வாங்க மகள்" என்றார். கழுவினேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திரும்பவும் கழுவினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே போனதும் மூக்குத்தான் முதலில் வேலை செய்தது. சமையல் மணம் இல்லை. எண்ணெய் மணம் இல்லை. வெறும் பெயின்ற் மணம். சுவிட்சுகளில் ஒட்டி வந்த மெல்லிய பொலித்தீன் கூட உரிக்கப்படவில்லை. கதிரைகள் கடையில் சுற்றிய உறையோடு இருந்தன. குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பு மேடை கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கரிப்பொட்டு இல்லை. குழாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. ஒரு வீட்டில் ஒரு கலண்டர் கூடவா இருக்காது?

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். இது இவர்களின் வீடே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் யாரோ கட்டிப் பூட்டி வைத்த வீடு. இவர் காவல் பார்க்கிறவர். இன்றைக்கு ஒரு நாள் திறந்து காட்டி எங்கள் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறார். இப்படி ஒரு கதை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன்.

"எப்ப கட்டின வீடு மாமா?" என்று கேட்டேன், சும்மா கேட்பது போல.

"முடிஞ்சு ரெண்டு போகம் போயிட்டு."

"அப்ப நீங்க எல்லாரும் இஞ்சதான் இருக்கிற?"

அவர் யன்னல் கம்பியைச் சால்வையால் துடைத்தார். அதில் தூசி இல்லை.

பெண்ணின் தாய் தேநீர் கொண்டுவந்தார். குசினியிலிருந்து இல்லை, பின்வாசலால். கோப்பையை வாங்கினால் விறகுப் புகை மணம். இந்தத் தேநீர் எங்கே கொதித்தது? நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் கால்களைப் பார்த்தார், நிலத்தில் தடம் பதிந்துவிட்டதா என்று. பதிந்திருந்தது. உடனே முந்தானையால் துடைத்தார்.

"பிள்ளை உடுப்பு மாத்துறா, இப்ப வருவா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார். அறைகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்க, பிள்ளை எங்கே உடுப்பு மாற்றுகிறாள்?

படத்துக்கு முன்மண்டபத்தின் வாசலில் முக்காலியை வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் தரை ஓடு, கதிரைகள், நேரே பின்வாசல், அதற்குள்ளால் வளவு, தென்னைகள், அதற்கும் அப்பால் வாவி. நல்ல காட்சி, அதை மறுக்க மாட்டேன். மட்டம் பார்க்கும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, லென்ஸைத் தள்ளாமல் முதலில் வெளிச்சத்தை அளந்தேன். தள்ளிவிட்டு அளந்தால் கமரா பிழையாகச் சொல்லும். பிறகு கூரை வரும் வரை லென்ஸை மேலே தள்ளினேன். தகப்பன் என் பின்னாலேயே நின்றார். பிறகு கிட்ட வந்து, யாரோ கேட்டுவிடுவார்கள் போல மெதுவாகச் சொன்னார்.

"மகள், பின்பக்கம் தெளிவா வேணாம்."

"ஏன் மாமா?"

"வீடுதானே முக்கியம். வீடு தெளிவா வந்தாக் காணும். பின்னால கொஞ்சம் மங்கலா எடுக்க ஏலாதா? கலியாணப் படங்கள்ள எடுக்கிறாங்களே."

நான் நிமிர்ந்து பின்வாசலால் பார்த்தேன். வளவின் கடைசியில், தென்னைகளுக்கு இடையில், கிடுகால் மேய்ந்த ஒரு குடில் தெரிந்தது. அவ்வளவுதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? என் மூளை ஓடத் தொடங்கியது. எல்லைத் தகராறா? வாவிக் கரையை நிரப்பிப் பிடித்த காணியா? வெளியில் காட்ட முடியாத நோயாளி யாரையாவது வைத்திருக்கிறார்களா? கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார்களா? அந்தப் புகை மணம் எனக்கு இப்போது வேறு மாதிரி மணந்தது.

"இந்த லென்ஸுல அது லேசான வேலை இல்ல" என்றேன். உண்மைதான். அகலக்கோணம் எதையும் லேசில் மங்க விடாது. "எண்டாலும் பாப்பம்."

துவாரத்தை அது போகும் வரைக்கும் திறந்தேன். ஃபோகஸை இழுத்து முன்கதிரையின் கைப்பிடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்திரையில் குடில் கரைந்து, தென்னைகளுக்கு நடுவில் ஒரு மண்ணிறத் திட்டு ஆனது. எடுத்துக் காட்டினேன். அவர் முகம் விரிந்தது. "இதுதான் மகள், இதுதான்" என்றார். இவ்வளவு சந்தோஷப்பட்டதும் என் சந்தேகம் இன்னும் முற்றியது.

அவர் இளநி வெட்டக் கத்தி எடுத்துக்கொண்டு முன்வளவுக்குப் போனார். எனக்கு அது போதும். துவாரத்தைப் பதினொன்றுக்குச் சுருக்கினேன். தூரவளையத்தைத் திருப்பி, முன்கதிரையும் வாவியும் என் கோடுகளுக்குள் விழும்படி வைத்தேன். பிறகு என் வழக்கப்படி பெருப்பித்துப் பார்த்தேன். முன்கதிரை, சரி. பின்வாசல் நிலை, சரி. பெருப்பித்துக் காட்டும் சதுரத்தைக் குடிலுக்கு நகர்த்தினேன்.

திரையில் குடில் முழுதாக வந்து நின்றது. கம்பத்தில் ஒரு சின்னக் கண்ணாடி கட்டியிருந்தது. கொடியில் பெண்பிள்ளையின் சேலைகள், அந்த மனிதரின் சாரம். உறியில் பானைகள். மண்சுவரில் மூன்று பாய்கள் சுருட்டிச் சாய்த்திருந்தன. தாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து நின்று நெற்றிப் பொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கிடுகுக் கூரை தாழ்வு, நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவரில் கலண்டரும் தொங்கியது.

நான் படத்தை எடுத்துவிட்டு நேரே அங்கே நடந்தேன்.

"ஐயோ, இஞ்ச ஏன் வந்த நீங்க, புகை" என்று தாய் எழும்பினார்.

"மாமி, நீங்க இதுக்குள்ளயா இரிக்கிற?"

பெண்தான் சொன்னாள். ஊரிலேயே சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், குரலில் அது தெரிந்தது. "ஓம் அக்கா. வீடு முடிஞ்ச நாளில இருந்து இதுக்குள்ளதான்."

"வீடு உங்கட இல்லையா?"

"எங்கடதான். என்ட பேருக்குத்தான் எழுதியிரிக்கு. அப்பா விடமாட்டார். கலியாணம் முடிச்சு நான் கால் வைக்கிற வரைக்கும் வீடு புதுசா இரிக்கோணுமாம். ஒருக்கா மழைக்கு உள்ளுக்குப் படுப்பம் எண்டு கேட்டன். திறப்பைத் தரல்ல."

பாவித்த வீட்டைக் கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். தாய் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். என் தாயும் என் கலியாணத்தன்று முன்வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டுப் பின்குடிலுக்குப் போனவள்தான். ஆனால் அன்றைக்குத்தான் போனாள். மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல் முன்கூட்டியே போய் இருக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது, யாரிடம் என்று தெரியாத கோபம்.

"சரி, அதை ஏன் மறைக்கிற? எங்கட ஆக்கள் எல்லாரும் செய்றதுதானே?"

"முந்தி எண்டா ஆரும் கேக்கமாட்டாங்க மகள்" என்றார் தாய். "இப்ப வாற பொடியன்மாருக்குப் பிடிக்குதில்ல. போன முறை ஒரு இடம் எல்லாம் சரியா வந்தது. வந்து பாத்துட்டு, கிழடுகள் ரெண்டும் வளவுக்குள்ளயே கிடக்குமா எண்டு கேட்டாங்க. மறுகா வரல்ல."

பெண் என்னோடு தென்னையடி வரைக்கும் வந்தாள். "அக்கா, நீங்க அனுப்பிற படத்துல இது தெரியட்டும்" என்றாள். "தெரிஞ்சுகொண்டு வாறவர் வந்தாக் காணும்."

"என்ட தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். சுவரையும் ஆணியையும் சந்தேகிக்கிற எனக்கு, அந்த ஒரு விஷயத்தில் பெருப்பித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

தெளிவான படத்தைத்தான் அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. அன்று பின்னேரமே தம்பி போன் எடுத்தான்.

"வீடு நல்லாயிரிக்கு அக்கா. டைல்ஸ் எல்லாம் சோக்கு. வாவியும் தெரியுது" என்றான். "பின்னால அது என்ன, மாட்டுக் கொட்டிலா?"

"பெருப்பிச்சுப் பார்."

பார்த்தான்.

"அதுல ஒரு மனிசி அடுப்பு ஊதுறா."

"உன்ட மாமியா வரப்போறவ." எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்குள் ஒரு நாள் கூடப் படுக்காமல் உனக்காக வைத்திருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே என் குரல் தழுதழுத்தது. அவனுக்கும் தழுதழுக்கும் என்று காத்திருந்தேன்.

"பாவம்தான்" என்றான். "நல்ல ஆக்கள் போல. ஆனா அக்கா, கலியாணத்துக்கு முந்தி அந்தக் கொட்டிலைப் பிரிக்கச் சொல்ல ஏலாதா? அவங்க வேற எங்கயாச்சும், சொந்தக்காரரோட இரிக்கலாம்தானே. என்ட கூட்டாளிமார் வந்தா நான் என்ன சொல்ற, மாமா மாமி பின்னால கிடக்காங்க எண்டா?"

"உள்ளுக்கு வந்து உன்னோட இரிக்கட்டும் எண்டு சொல்ல உனக்கு வாய் வரல்லையா?"

"அது சரிவராது அக்கா. புதுசா கட்டுற ஆக்களுக்குத் தனிமை வேணும்தானே. நீ கோவிக்காத. கேட்டுப் பார், அவ்வளவுதான். ஓம் எண்டா எனக்குச் சம்மதம்."

கெட்டவன் மாதிரி அவன் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனிசன் முன்னால் கூட அழ முடியாமல் குளியலறைக்குள் போய் நின்று அழுதேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்துப் போய், அந்தப் பிள்ளையை வழியில் பிடித்தேன். மறைக்காமல் சொன்னேன். அவள் குடையை மடக்கினாள், திரும்ப விரித்தாள்.

"நான் வந்து உங்கட அப்பாவிட்ட சொல்றன்" என்றேன். "பிழை எங்கட பக்கம்."

"வேணாம் அக்கா. அவரிட்ட மட்டும் சொல்லிராதீங்க." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சொன்னா அவர் கோவிக்கமாட்டார். நாளைக்கே குடிலைப் பிரிச்சிருவார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வட்டைக்குள்ள காவல் பரணில போய்ப் படுத்திருவார். எனக்குத் தெரியும் அவர."

நெல் வயலுக்கு நடுவில், யானைக்குக் காவல் இருக்கும் பரணைச் சொல்கிறாள். எனக்கும் தெரிந்தது, அவர் செய்வார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"அப்ப என்ன சொல்லப் போற?"

"எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கல்ல எண்டு சொல்றன். ஏசுவார். ஏசட்டும்."

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் தகப்பன் கல்லடிக்கு என் வீடு தேடி வந்தார். படலையில் அவரைக் கண்டேன். எல்லாம் தெரிந்து சண்டைக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தம்பிதானே பேசினான், நான் இல்லையே என்று சொல்ல வாய்க்குள் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் தோளில் ஒரு பை இருந்தது. அதை இறக்கி வாசலில் வைத்தார்.

"புது அரிசி மகள். எங்கட வயலுல வெட்டினது."

"உள்ளுக்கு வாங்க மாமா."

அவர் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியிலேயே நின்றார்.

"பிள்ளைக்கு என்ன பிடிச்சதோ தெரியா" என்றார். "ஒரே பிடிவாதம். செல்லம் குடுத்து வளத்திட்டம். நாலெழுத்துப் படிச்சதும் மண்டைக் கனம். அந்த நல்ல பொடியனை வேணாம் எண்டுட்டா." இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். கும்பிடப் போகிறார் என்று தெரிந்ததும் நான் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். முழுக்கக் காய்த்துப்போன கைகள். "எங்கட பிழைதான் மகள். மனசுல வச்சிராதீங்க. தம்பிட்டயும் சொல்லுங்க, மாமா மன்னிப்புக் கேட்டார் எண்டு."

நான் அந்தக் கைகளை விடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொடியன் கவலைப்படுறானா?" என்று கேட்டார்.

"ஓம் மாமா" என்றேன். "கொஞ்சம்."